கடனில் இருக்கும்போது தசமபாகம் கொடுக்காவிட்டால் தேவனை வஞ்சிக்கிறோமா?

கேள்விக்குறி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் கிறிஸ்துவுக்குள் வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. வீட்டில் ஒருவருக்கு நீண்ட சிகிச்சை நடந்தது, அதற்காகக் கடன் வாங்கினோம், இப்போது சம்பளத்தில் பெரும்பகுதி தவணைக்கே போகிறது. போன மாதம் ஆராதனையில் மல்கியா 3-ஐ வாசித்து, "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?" என்ற வசனத்தை வைத்து, பத்தில் ஒன்று கொடுக்காதவர்கள் வீட்டில் வியாதியும் கடனும் நீங்காது என்று பிரசங்கித்தார்கள். சிகிச்சை பெற்றவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் அன்றிலிருந்து "என்னால்தான் நீங்கள் காணிக்கை கொடுக்க முடியாமல் போனது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கொடுக்க மனமில்லாமல் நான் இதைக் கேட்கவில்லை. முன்பு கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம், சந்தோஷமாகவே கொடுத்தோம். இப்போது கொடுக்கலாமா, கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டுமா, கொடுக்காமல் இருந்தால் அது பாவமா? வேதத்திலிருந்து சொல்லுங்கள்.

மூன்றாம்வரிசை

சகோதரி, முதலில் அந்த நோயாளியிடம் போய் யோவான் 9-ஐ வாசித்துக் காட்டுங்கள். பிறவிக்குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு வெளிப்படையாகச் சொன்னார். காணிக்கைக் கணக்கையும் ஒருவருடைய நோயையும் முடிச்சுப் போட எந்தப் பிரசங்கிக்கும் அதிகாரம் இல்லை. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

அடுத்து மல்கியா. 3:8-ஐ வாசிக்கிறவர்கள் அதற்குச் சற்று மேலே இருக்கும் 3:5-ஐயும் வாசிக்க வேண்டும். கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்கள், இவர்களுக்கு விரோதமாகத்தான் கர்த்தர் நியாயந்தீர்க்க வருவதாகச் சொல்கிறார். ஆலயப் பண்டசாலைக்குத் தசமபாகம் வராததால் பாதிக்கப்பட்டதும் அதே எளியவர்கள்தான். எளியவர்களைக் காப்பாற்ற வந்த வசனத்தை எடுத்து எளியவர்களையே அடிக்கிறது மனதை வலிக்கச் செய்கிறது.

கடன் பற்றி: 2 இராஜாக்கள் 4-இல் கடன்காரன் பிள்ளைகளை அடிமையாக்க வந்துவிட்ட விதவைக்கு எலிசா என்ன சொன்னார்? எண்ணெயை விற்று உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள் என்றார். எனக்கு ஒரு பங்கு கொண்டுவா என்று தீர்க்கதரிசி கேட்கவில்லை.

திராட்சைக்கொடி

சகோதரியின் நிலைமை புரிகிறது, அந்தப் பிரசங்கத்தை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் இந்த இழை போகிற வேகத்தில் தசமபாகமே தேவையில்லை என்று முடிந்துவிடுமோ என்று பயப்படுகிறேன், அதனால் எழுதுகிறேன்.

நியாயப்பிரமாணம் வருவதற்கு முன்பே ஆபிரகாம் சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தார் (ஆதியாகமம் 14). யாக்கோபும் பெத்தேலில் பத்தில் ஒன்று தருவேன் என்று பொருத்தனை செய்தார். அப்புறம் நெகேமியா 13-ஐப் பாருங்கள், ஜனங்கள் பங்கைக் கொடுக்காததால் லேவியர்கள் ஆலய வேலையை விட்டுவிட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். ஊழியம் செய்கிறவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று புதிய ஏற்பாடும் சொல்கிறது.

அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். மீந்தால் கொடுப்பேன் என்று நினைக்கிறவனுக்கு ஒருநாளும் மிஞ்சாது. சம்பளம் வந்ததும் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அந்தப் பழக்கம் எனக்கு வந்தது, பணம் என்னை ஆளாமல் காத்தது அதுதான் என்று நம்புகிறேன். யாரும் மிரட்டிக் கொடுக்கவில்லை, நன்றியாகத்தான் கொடுக்கிறேன்.

மூன்றாம்வரிசை

@திராட்சைக்கொடி அண்ணன், உங்கள் பழக்கத்தைப் பற்றி எனக்கு மரியாதைதான். முதலில் எடுத்துவைப்பது 1 கொரிந்தியர் 16:2-இலேயே இருக்கிறது, வாரத்தின் முதல்நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகத் தன்னிடத்தில் சேர்த்து வைக்கட்டும் என்று. கவனியுங்கள், அங்கே பவுல் விகிதம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், பரிசேயராக வளர்ந்தவர், தசமபாகக் கணக்கு அவருக்குத் தெரியாததல்ல.

பழைய ஏற்பாட்டுத் தசமபாகத்தையும் முழுசாகப் பார்க்க வேண்டும். எண்ணாகமம் 18-இன்படி அது நிலப்பங்கு இல்லாத லேவியருக்குப் போனது, லேவியர் அதிலிருந்து பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுத்தார்கள். உபாகமம் 14-க்கு வந்தால், விளைச்சலின் பத்தில் ஒன்றைக் கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஸ்தலத்துக்குக் கொண்டுபோய், குடும்பமாக, லேவியனையும் சேர்த்துக்கொண்டு, கர்த்தருக்கு முன்பாகச் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்கிறது! தூரமாக இருந்தால் விற்றுப் பணமாக்கிக் கொண்டுபோய் அங்கே வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் வருஷக் கடைசியில் அந்தப் பங்கை வாசலில் வைக்க வேண்டும், லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாவதற்காக. விருந்து, ஊழியர் பராமரிப்பு, ஏழைப் பங்கு, மூன்றும் அதில் உண்டு. இன்று நாம் ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம், பரதேசியும் விதவையும் வந்து சாப்பிடும் வாசலை விட்டுவிட்டோம்.

சபை வரலாற்றிலும் ஆரம்பத்தில் இது சட்டமாக இல்லை. கி.பி. 585-இல் பிரான்சிலுள்ள மாக்கோன் நகரத்தில் கூடிய ஆயர் பேரவை கொடுக்காதவர்களைச் சபை விலக்கம் செய்யலாம் என்றது, 779-இல் பிராங்கிய அரசன் சார்லமேன் அதை அரச கட்டளையாக்கினான். வரியாக மாறிய பிறகு ஜனங்கள் அதை வரியைப் போலவே வெறுத்தார்கள்.

வழிப்போக்கன்

2 கொரிந்தியர் 8:12. "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." சகோதரியின் கேள்விக்கு நேரான பதில் இந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. கடனில் இருக்கிறவரிடம் அவருக்கு இல்லாததைத் தேவன் கேட்பதில்லை.

உப்புக்கல்

வழிப்போக்கன் எடுத்துத் தந்த அந்த 8, 9 அதிகாரங்களில் நான் பல வருஷமாகத் தங்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னணி இதுதான். ரோமப் பேரரசனான கிலவுதியு ராயனின் நாட்களில் பஞ்சம் வந்தபோது அந்தியோகியா சீஷர்கள் அவரவர் சக்திக்குத் தக்கதாகச் சேர்த்து, பர்னபா, சவுல் கையில் யூதேயாவுக்கு அனுப்பினார்கள் (அப்போஸ்தலர் 11). பிறகு எருசலேமின் தூண்களாக எண்ணப்பட்டவர்கள் பவுலிடம் கேட்டுக்கொண்ட ஒரே காரியம், தரித்திரரை நினைத்துக்கொள்ளுங்கள் என்பது (கலாத்தியர் 2:10). அதற்குப் பின் பவுல் மக்கெதோனியா, அகாயா, கலாத்தியா சபைகளில் சேகரித்த பணம், அவர் நேரில் பார்த்திராத சபைகளுக்கும் எழுதிச் சொல்லும் அளவுக்கு (ரோமர் 15) அவருக்கு முக்கியமாக இருந்தது. ஆபத்து காத்திருக்கிறது என்று தெரிந்தும் எருசலேமுக்குப் போனார், அங்கே கைதும் ஆனார்.

யோசித்துப் பாருங்கள், கொடுத்தவர்கள் புறஜாதியார், பெற்றவர்கள் யூதர்கள். ஒருவரோடு ஒருவர் ஒரே பந்தியில் உட்காருவதே பெரிய பிரச்சினையாக இருந்த காலம். அவர்களுடைய ஆவிக்குரிய நன்மைகளில் நீங்கள் பங்குபெற்றீர்கள், அதனால் சரீர நன்மைகளால் அவர்களுக்கு உதவ நீங்கள் கடனாளிகள் என்கிறார் பவுல். முகம் தெரியாத ஒருவனைச் சகோதரன் என்று அறிக்கை செய்கிற காரியம் அது. வாயால் சொல்வதைவிடக் கையால் சொல்வது கஷ்டம்.

மக்கெதோனியர் யார்? கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள், உபத்திரவத்தில் இருந்தவர்கள். தங்கள் திராணிக்கு மிஞ்சியும் கொடுக்கத் தாங்களே மனதுள்ளவர்களாக இருந்தார்கள், இந்த ஒத்தாசையில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று பவுலை மிகவும் வேண்டிக்கொண்டார்கள். ஆனால் அதைக் காட்டி பவுல் கொரிந்தியரைக் கட்டாயப்படுத்தினாரா? கட்டளையாகச் சொல்லவில்லை என்று அடுத்த மூச்சிலேயே எழுதுகிறார். அதற்குப் பதிலாகக் கிறிஸ்துவைக் காட்டி வைக்கிற காரணம்தான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. "அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும், நீங்கள் அவருடைய தரித்திரத்தினாலே ஐசுவரியவான்களாகும்படிக்கு, உங்கள் நிமித்தம் தரித்திரரானாரே."

கொடுத்தால் கிடைக்கும் என்று பவுல் அங்கிருந்து தொடங்கவில்லை. கொடுக்காவிட்டால் அடி விழும் என்றும் தொடங்கவில்லை. ஏற்கெனவே கிடைத்துவிட்டது, ஒருவர் தம்மையே கொடுத்துவிட்டார், இனி நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார். கிறிஸ்தவக் கொடுத்தல் எல்லாமே அந்த இடத்திலிருந்துதான் புறப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பயத்தில் கொடுத்த பணம் சபையின் செலவுக்கு உதவலாம், ஆனால் சுவிசேஷத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது.

கேள்விக்குறி

எல்லாருக்கும் நன்றி. எலிசா சொன்னதை வீட்டில் சத்தமாக வாசித்தோம், அவர் அழுதுவிட்டார், அப்புறம் நன்றாகத் தூங்கினார்.

இன்னொரு சந்தேகம். ஏழை விதவை தன் ஜீவனத்துக்குரிய எல்லாவற்றையும் போட்டாளே (மாற்கு 12), இயேசு அவளைத் தடுக்கவில்லையே? அந்தப் பகுதியைப் படித்தால் மறுபடியும் எனக்குக் குற்ற உணர்வு வருகிறது.

மூன்றாம்வரிசை

அதை அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். மாற்கு 12:40-இல் இயேசு வேதபாரகரைப் பற்றி என்ன சொல்கிறார்? விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள். உடனே அடுத்த காட்சியில் ஒரு விதவை தன் கடைசி இரண்டு காசைப் போடுகிறாள். அதற்கடுத்து 13:2-இல், இந்தக் கட்டிடத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடிக்கு எல்லாம் இடிக்கப்படும் என்கிறார், கி.பி. 70-இல் அது நடந்தும்விட்டது. விதவையைத் தாங்க வேண்டிய ஆலயம் அவளிடமிருந்து கடைசிக் காசையும் வாங்குகிறதே என்ற வேதனை அங்கே இருக்கிறது என்று பல விளக்கவுரையாளர்கள் எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். இயேசு "நீங்களும் போய் இப்படிச் செய்யுங்கள்" என்று அங்கே சொல்லவில்லை.

உப்புக்கல்

பாதி ஒத்துக்கொள்கிறேன். வேதபாரகர்மேல் இருக்கும் கண்டனம் உண்மை. ஆனால் அந்தப் பெண்ணை வெறும் ஏமாந்தவளாக ஆக்கிவிடாதீர்கள். அவளிடம் இரண்டு காசு இருந்தது, ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைப் போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டையும் போட்டாள். அவளுடைய நம்பிக்கையை இயேசு பார்த்தார், சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டினார், எல்லாரிலும் அதிகமாகப் போட்டாள் என்றார். கொடுத்ததை வைத்து அளக்காமல், கொடுத்தபின் கையில் மீந்ததை வைத்து அளந்தார். இந்த அளவு வசதியுள்ளவர்களைத்தான் முதலில் உறுத்த வேண்டும். பத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்பது பங்கில் சுகமாக இருக்கும் ஒருவர், கொடுக்க வழியில்லாத ஒருவரைப் பார்த்துக் குற்றம் சொல்ல இந்தப் பகுதியில் இடமே இல்லை.

சகோதரி, விதவை யாராலும் அனுப்பப்படாமல் தானாக வந்தாள். அந்தச் சுதந்திரம் உங்களுக்கும் உண்டு, கொடுக்கவும் உண்டு, இப்போது கடனை அடைக்கவும் உண்டு.

திராட்சைக்கொடி

உப்புக்கல் சொன்ன அந்த ஒன்பது பங்கு விஷயம் என்னைத் தொட்டது. பத்தில் ஒன்று சிலருக்குத் தாங்க முடியாத பாரம், சிலருக்கு அது போதவே போதாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றித் தெரிந்திருக்கும். வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார். வருமானம் 60 ஆனது, 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். 90 ஆனபோதும் 28-தான், 62 கொடுத்தார். 120 ஆனபோது 92. வருமானம் கூடினால் வாழ்க்கைத் தரத்தைக் கூட்ட வேண்டும் என்பதையே அவர் ஏற்கவில்லை. என் சம்பளம் உயர்ந்தபோதெல்லாம் பத்தில் ஒன்று தானாகவே உயர்ந்தது, அதனால் நிம்மதியாக இருந்தேன். ஒன்பது பங்கும் சேர்ந்துதானே உயர்ந்தது! தசமபாகத்தை நான் விடப்போவதில்லை. ஆனால் அங்கே நின்றுவிடக்கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

அகல்விளக்கு

லூக்கா 6:38-ஐ யாரும் இன்னும் எடுக்கவில்லை. "கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும், அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி..." விதைக் காணிக்கை, நூறு மடங்கு அறுவடை என்றெல்லாம் இதை வைத்துத்தானே பேசுகிறார்கள். அப்படியானால் ஆசீர்வாதமே இல்லையா?

வழிப்போக்கன்

அதே அதிகாரத்தில் 35-ஆம் வசனம்: கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள். 37: மன்னியுங்கள், மன்னிக்கப்படுவீர்கள். முழுப் பேச்சும் சத்துருவைச் சிநேகிப்பது பற்றியது. மூன்றே வசனத்துக்கு முன் கைம்மாறு கருதாதே என்றவர் 38-இல் வட்டிக் கணக்குச் சொல்வாரா?

மூன்றாம்வரிசை

ஆசீர்வாதம் உண்டு, மறுக்கவில்லை. 2 கொரிந்தியர் 9:8-ஐப் பாருங்கள், நீங்கள் எல்லாவற்றிலும் சம்பூரணமுடையவர்களாய், சகலவித நற்கிரியைகளிலும் பெருகுவதற்காக. கொடுக்கிறவனுக்குத் தேவன் தருவது இன்னும் கொடுப்பதற்காகத்தான், அவன் சேர்த்து வைக்க அல்ல. கொடுத்தால் பணக்காரனாவாய் என்கிற செழிப்பு உபதேசம் இந்த ஓட்டத்தை நடுவில் அணைபோட்டு நிறுத்திவிடுகிறது. மக்கெதோனியர் கொடுத்தபின் பணக்காரர் ஆனார்கள் என்று எங்கேயும் எழுதவில்லை, அவர்கள் சந்தோஷத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது.

பழைய பொருளாளர்

இழையை முழுதும் வாசித்தேன். சபையில் பல வருஷம் பணப்பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும். எல்லாரும் கொடுக்கிறவரைப் பற்றியே பேசுகிறோம், வாங்கிக் கையாளுகிறவரைப் பற்றிப் பேசவில்லை.

பவுல் அந்தப் பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகளே தகுதியுள்ளவர்களைத் தெரிந்தெடுத்தன, தன் உடன் ஊழியனான தீத்துவோடு சபைகளில் நற்பெயர் பெற்ற இன்னொரு சகோதரனையும் அனுப்பினார், இந்தத் தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாக இருக்கிறோம் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:20, 21). கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்றார். "ஊழியக்காரரிடம் கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு" என்று யாராவது சொன்னால் இந்த வசனத்தைத் திறந்து காட்டுங்கள், அப்போஸ்தலனே தானாகக் கணக்குக் கொடுத்தார்.

நடைமுறையில் நான் வலியுறுத்துவது இவை. காணிக்கையை ஒருவர் மட்டும் எண்ணக்கூடாது, உறவினரல்லாத இரண்டு பேராவது சேர்ந்து எண்ணி, அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணுகிறவரும் வங்கியில் கட்டுகிறவரும் வேறுவேறாக இருந்தால் இன்னும் நல்லது. ஏழைகளுக்கென்று வந்த பணத்தைக் கட்டிட நிதிக்குத் திருப்பக்கூடாது, தற்காலிகமாக என்று சொல்லிக்கூட வேண்டாம். வரவு செலவு சபையார் முன் வாசிக்கப்பட வேண்டும், சபைக்கு வெளியிலிருந்து ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதும் யார் உதவி பெற்றார் என்பதும் மட்டும் வெளியே வரவே கூடாது. ஜார்ஜ் முல்லர் பிரிஸ்டலில் நடத்திய அநாதை இல்லங்களுக்காக யாரிடமும் பணம் கேட்டதில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவர் காலத்தில் அங்கே வளர்ந்தார்கள். அவர் வருஷந்தோறும் வரவு செலவை அச்சிட்டு வெளியிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விசுவாசிகள் கஞ்சர்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போகும் இடம் தெரிந்தால் ஜனங்கள் கொடுக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஈரமண்

நான் வாங்கின பக்கத்தில் இருந்தவள். பொருளாளர் ஐயா கடைசியில் சொன்ன அந்த இரகசியம் பற்றித்தான் எழுத வந்தேன்.

வீட்டில் சம்பாதிக்கிறவர் இறந்தபின் எங்களுக்கு இரண்டு விதமாக உதவி வந்தது. ஒரு குழுவினர் ஆராதனை முடிவில் எங்களை மேடைக்குக் கூப்பிட்டு, உறையைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்து, அதை எல்லாருக்கும் அனுப்பினார்கள். என் மகன் அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒருவனுடைய கைபேசியில் பார்த்தான். அதற்குப் பிறகு நெடுநாள் அவன் ஆராதனைக்கு வர மறுத்தான். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன், நல்ல மனதோடுதான் செய்தார்கள், ஆனால் அந்த உறையில் இருந்ததைவிட அதிகமாக எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

இன்னொருவர் யாரென்றே இன்றுவரை தெரியாது. பள்ளிக்கட்டணம் கட்டப் போனபோது, கட்டியாகிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவ்வளவுதான். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாததால் தேவனுக்கு மட்டும் நன்றி சொன்னோம், சபையில் யாரைப் பார்த்தாலும் ஒருவேளை இவராக இருக்குமோ என்று அன்போடு பார்க்க ஆரம்பித்தோம். வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் சொன்னது கொடுக்கிறவரின் ஆத்துமாவுக்காக என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். வாங்குகிறவரின் முகத்துக்காகவும் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

உப்புக்கல்

அக்கா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்கள் மகனைப் பற்றிய அந்த வரியை ஒவ்வொரு சபை மூப்பரும் வாசிக்க வேண்டும்.

அகல்விளக்கு

படிக்கவே கஷ்டமாக இருந்தது அக்கா.

ஆனால் உண்மையாக ஒரு கேள்வி. இரகசியமாகக் கொடுத்தால் ஏமாற்றுகிறவர்களும் வருவார்களே. பொய்க் காரணம் சொல்லிப் பல சபைகளில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விசாரிக்காமல் கொடுப்பது ஞானமா?

மூன்றாம்வரிசை

ஆதிச்சபைக்கும் இதே சிக்கல் இருந்தது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட டிடாக்கே என்ற சபை ஒழுங்கு, ஊர் ஊராக வரும் பிரசங்கி மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று நேராகச் சொல்கிறது. மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம் என்கிறது. ஊழியக்காரனிடம் கண்டிப்பு, ஏழையிடம் தாராளம். இன்று நாம் அநேகமாகத் தலைகீழாகச் செய்கிறோம், மேடையில் நிற்கிறவரை விசாரிப்பதில்லை, வாசலில் நிற்கிறவரைக் குடைந்து குடைந்து விசாரிக்கிறோம்.

நான்காம் நூற்றாண்டில் கிறிசோஸ்தோம் என்ற சபைப் பிதா பிரசங்கித்ததும் இதுதான், ஏழையின் நடத்தையைத் தோண்டாதே, அவனுடைய தேவையே அவனுக்குப் போதுமான தகுதி என்று. பெரிய தொகை, தொடர்ந்து வரும் உதவி என்றால் விசாரிக்கலாம், 1 தீமோத்தேயு 5-இல் சபை பராமரிக்கும் விதவைகளின் பட்டியலுக்கே நிபந்தனைகள் உண்டு. அந்த வேளைப் பசிக்கு விசாரணை வேண்டாம். சிலர் ஏமாற்றட்டும், அதற்காக உண்மையான ஒருவரைத் திருப்பி அனுப்ப நான் தயாராக இல்லை.

பழைய பொருளாளர்

ஒரு வழி: சந்தேகம் இருந்தால் பணத்தைக் கையில் கொடுக்காமல் மருத்துவமனையிலோ பள்ளியிலோ நேராகக் கட்டிவிடலாம். ஈரமண் சகோதரிக்கு நடந்தது போல. கேட்டவரின் மானமும் காக்கப்படும்.

திராட்சைக்கொடி

பெற்றோரைக் கவனிக்காமல் சபைக்கு மட்டும் கொடுக்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்கு 7-இல் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன், என்று சொல்லித் தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார். வீட்டில் நோயாளியைப் பராமரிக்கச் செலவழித்ததைக் காணிக்கையிலிருந்து தவறிப்போன பணம் என்று கேள்விக்குறி சகோதரி நினைக்கவே கூடாது. 1 தீமோத்தேயு 5:4-இன்படி அது தேவனுக்குமுன் நன்மையும் பிரியமுமான காரியம். தசமபாகத்துக்காக இங்கே வாதாடின நானே சொல்கிறேன்.

கேள்விக்குறி

திராட்சைக்கொடி அண்ணன், நீங்கள் எழுதியதை அவரிடம் காட்டினேன். நன்றி.

நாங்கள் முடிவு செய்தது இது: தவணையை முதலில் கட்டுவோம். ஒவ்வொரு வாரமும் ஒரு சிறு தொகையை, எங்களுக்கே அது சிறிது என்று தெரியும், எடுத்து வைத்து, அதே மருத்துவமனையில் துணைக்கு யாருமில்லாமல் இருப்பவர்களுக்குக் கொடுப்போம். சபைக் காணிக்கையை நிலைமை சீரானபின் தொடருவோம், அதைப் போதகரிடமே நேரில் சொல்லிவிட்டோம். அவர் அமைதியாகக் கேட்டார்.

கடைசியாக ஒன்று. என் தோழி ஒருத்தி இந்த இழையை வாசித்துவிட்டுக் கேட்கச் சொன்னாள். அவளுடைய கணவர் விசுவாசி அல்ல, காணிக்கை கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் வீட்டுச் செலவிலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா?

ஈரமண்

வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருநாள் தெரியவரும்போது அவர் கோபப்படுவது அவள்மேல் மட்டும் இருக்காது, கிறிஸ்துவின்மேலும் இருக்கும்.

உப்புக்கல்

ஈரமண் அக்கா சொல்வதே சரி. நிலத்தை விற்று, கிரயத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியா, சப்பீராள் தம்பதியின் காரியத்தில்கூட, விற்குமுன் அது உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்றபின்பும் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறார். குறைவாகக் கொடுத்ததற்காக அவர்கள் கடிந்துகொள்ளப்படவில்லை, மறைத்துப் பொய் சொன்னதற்காகத்தான். அதனால் மறைவாக எடுத்துக் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அவளுக்கென்று சொந்த வருமானம் இருந்தால் அதில் என்ன செய்ய விரும்புகிறாள் என்று கணவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். சபைக்குக் கொடுப்பது அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஒரு பிள்ளையின் படிப்புக்கோ நோயாளியின் மருந்துக்கோ என்றால் அவரே சேர்ந்து கொடுக்க முன்வரலாம், கேட்டுப் பார்க்கட்டும். அதற்கும் சம்மதிக்காவிட்டால் நேரம் இருக்கிறது. வியாதியாயிருந்தேன் என்னை விசாரிக்க வந்தீர்கள், காவலிலிருந்தேன் என்னைப் பார்க்க வந்தீர்கள் என்று மத்தேயு 25-இல் சொன்னவைக்குப் பணம் தேவைப்படவில்லை.

நீங்கள் உதவப்போகும் அந்த மருத்துவமனைக்கு வாரத்தில் ஒரு மாலை அவளையும் கூட்டிக்கொண்டு போங்களேன். பார்வையாளர் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குறி

சரி, அவளிடம் சொல்கிறேன்.